ஈத்தாமொழியில் பிறந்த வருடம்

2025 ஏப்ரல் 11, வெள்ளி. நாகர்கோவில்

வருகிற திங்கட்கிழமை விசுவாவசு வருடம் பிறக்கிறது. நான் யாழ்ப்பாணத்து இணுவில்காரி. நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் தாவரவியல் முதுகலை படிக்கிறேன். வருடப் பிறப்பன்று வீட்டில் இல்லாமல் இருக்கப் போவது இதுதான் முதல் தடவை. அதனால் இந்த விடுமுறையை அன்றன்றைக்கே எழுதிப் போடலாம் என்று இருக்கிறேன்.

இலங்கையில் ஏப்ரல் 13, 14 இரண்டு நாளும் அரச விடுமுறை. சிங்களவருக்கும் தமிழருக்கும் சேர்ந்து வருகிற பெருநாள். கொழும்பில் வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் ஊருக்குக் கிளம்ப, யாழ்ப்பாணம் வரும் பஸ்ஸிலும் ரயிலிலும் நிற்கக்கூட இடம் இருக்காது. எங்கள் வீட்டுக் குசினியில் ஒரு வாரத்துக்கு முன்பே பயறு வறுக்கிற வாசம் எழும்பிவிடும். முதல்நாள் கோயிலில் ஐயர் மூலிகைகள் போட்டு மருத்துநீர் காய்ச்சி வைத்திருப்பார், போத்தல் கொண்டுபோய் வாங்கி வருவோம். வருடம் பிறக்கும் நேரத்துக்கு முன்னும் பின்னும் நான்கு நான்கு மணித்தியாலம் புண்ணிய காலம். அதற்குள் மருத்துநீர் வைத்துத் தலை முழுகி, புது உடுப்பு உடுத்து, முற்றத்தில் பொங்கி, பிறகு கைவிசேஷம். வாக்கிய பஞ்சாங்கம் ஒரு நேரம் சொல்லும், திருக்கணிதம் இன்னொரு நேரம் சொல்லும். இந்த முறை இரண்டிலும் வருடம் பிறப்பது பின்னிரவில்.

அம்மா நேற்று இரவு வாட்ஸ்அப்பில் நீளமாகக் கதைத்து அனுப்பியிருந்தார். "மருத்துநீருக்கு என்ன செய்யப் போறாய் பிள்ளை? பொங்குறதுக்கு இடம் இருக்கோ? சரி, அதெல்லாத்தையும் விடு. கைவிசேஷம் ஆரிட்ட வாங்கப் போறாய்?"

அந்தக் கடைசிக் கேள்வி என்னை விடவில்லை. பலகாரத்தை எங்கேயும் சுடலாம். உடுப்பு கடையில் கிடைக்கும். கைவிசேஷம் மட்டும் பெரியவர் ஒருவர் கையால் வரவேண்டும். வெற்றிலையில் கொஞ்சம் நெல், ஒரு பூ, காசு வைத்து, வீட்டில் மூத்தவர் தொடங்கி வரிசையாகக் கொடுப்பார்கள். காலைத் தொட்டுக் கும்பிட்டு வாங்குவோம். அந்தக் காசைச் செலவழிக்காமல் வருடம் முழுக்க வைத்திருப்பவர்கள் உண்டு, நானும் அப்படித்தான். விடுதியிலோ எங்கள் எல்லோருக்கும் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது. கும்பிட்டு வாங்க ஒருவரும் இல்லை.

மதியம் சாப்பிடும்போது இதைச் சொன்னேன். என் அறைத்தோழி ஈத்தாமொழிக்காரி. "ஏட்டி, எங்க வீட்டுக்கு வா. எங்களுக்கும் அன்னைக்குத்தான் விஷு. பாட்டி கணி வைப்பா, பாட்டா கைநீட்டம் குடுப்பாரு. ஒனக்க அம்மை சொன்னதெல்லாம் அங்கேயே செஞ்சிருவோம்" என்றாள். விஷு கேரளத்து வருடப் பிறப்பு. விடியும்போது முதலில் கண்ணில் படவென்று அடுக்கி வைக்கிற மங்கலப் பொருள்கள்தான் கணி, பெரியவர் கையால் தருகிற காசு கைநீட்டம். குளச்சல் தோழி, நானும் உண்டு என்றாள். தக்கலைத் தோழி எழுந்து போய் வீட்டுக்கு ஃபோன் பண்ணி, வரும்போதே அனுமதியோடு வந்தாள்.

குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதுவரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்ததால் விஷுக்கணி இங்கே வீட்டு வழக்கமாகவே நிலைத்துவிட்டது. கன்னியாகுமரி பகவதி அம்மன் கோயிலிலும் அன்று கணி காண்பதற்குக் கூட்டம் வரும் என்றாள் அறைத்தோழி.

மாலையில் வடசேரிக்குப் போனோம். ஒரு நாட்டு மருந்துக் கடையில் அம்மாவின் பட்டியலை வாசித்தேன். சுக்கு, மிளகு, திப்பிலி, மஞ்சள், கோரோசனை. கோரோசனையின் விலையைக் கேட்டுவிட்டு அதை மட்டும் விட்டுவிட்டோம். பக்கத்தில் நரைத்த தலையோடு ஒரு அம்மா, இருமலுக்குக் கஷாயச் சாமான் வாங்கிக்கொண்டு நின்றார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தவர் மெல்லக் கேட்டார்: "பிள்ளை எவ்விடம்?"

"யாழ்ப்பாணம், அன்ரி. இணுவில்."

"நான் மன்னார்."

1990-ல் படகேறி இராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் பதிந்து, பிறகு இந்த மாவட்டத்துக்கு அனுப்பப்பட்டவர். இங்குள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்றில் இருக்கிறார். வரும்போது இடுப்பில் இருந்த மகளுக்கு இப்போது பத்து வயதில் ஒரு பையன். ஒரு தடவைகூடத் திரும்பிப் போகவில்லை. "மருத்துநீருக்கோ வாங்கிறீங்கள்?" என்று என் பையைப் பார்த்துக் கேட்டார். ஓம் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் திப்பிலிப் பொட்டலத்தைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்தார்.

நான் கேட்பதற்கு முன்னால் அறைத்தோழி முந்திக்கொண்டாள். "அம்மா, திங்கக்கிழமை எங்க வீட்டுக்கு வாங்க. பேரனையும் கூட்டிட்டு வாங்க." விலாசம் எழுதிக் கொடுத்தோம். வருவதாகவோ வரவில்லை என்றோ அவர் சொல்லவில்லை. தாளை மடித்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார்.

ஏப்ரல் 12, சனி. மருத்துவாழ்மலை, கன்னியாகுமரி

வெயிலுக்கு முந்திவிட வேண்டும் என்று இருட்டோடு கிளம்பினோம். நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகும் வழியில், பொற்றையடிக்குப் பக்கத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் தனியாக நிற்கிற மலை இது. அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு இலங்கைக்குப் பறந்தபோது அதிலிருந்து விழுந்த துண்டு என்பது கதை. எங்கள் நாட்டிலும் காலிக்குப் பக்கத்தில் றுமஸ்ஸல என்று ஒரு குன்று உண்டு. அதற்கும் இதே கதைதான். இரண்டு கரையிலும் ஒரே மலையின் துண்டுகளை வைத்துக்கொண்டிருக்கிறோம் என்று படியேறும்போது சொன்னேன். தக்கலைத் தோழிக்கு அது மிகவும் பிடித்துவிட்டது, வழி முழுக்கக் கண்ணில் பட்ட பெரிய பாறையை எல்லாம் காட்டி, இது எந்த ஊருக்குப் போக வேண்டியது என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

பாதி தூரத்துக்கு மேல் பாறைதான். நாராயண குரு தவம் இருந்த பிள்ளைத்தடம் குகையில் சற்று நேரம் உட்கார்ந்தோம். பாறை குளிர்ந்து கிடந்தது. உச்சியில் காற்று நின்று பேச விடவில்லை. ஒரு பக்கம் குளங்களும் வயலும் தென்னந்தோப்பும், மறுபக்கம் கடல். தாவரவியல் படிக்கிறவளுக்கு இங்கே கண் ஓரிடத்தில் நிற்காது. பாறை இடுக்கில் நன்னாரிக் கொடி. மெல்லிய நீள இலையின் நடுவில் வெள்ளைக் கோடு ஓடியிருந்தது. குனிந்து முகர்ந்தேன், இலையில் ஒன்றும் இல்லை, வாசம் எல்லாம் வேரில். ஒன்றையும் பறிக்கவில்லை. மருந்து மலை என்று பேர் எடுத்துவிட்டால் வருகிறவர்கள் ஆளுக்கொரு கை பறித்தே மொட்டையாக்கிவிடுவார்கள். அதைப் பார்க்கிற பாவம் நமக்கு வேண்டாம்.

எனக்கு வேண்டிய இலைகள் கீழே கிடைத்தன. குமரி மாவட்டம் சித்த வைத்தியத்துக்கும் வர்மத்துக்கும் பேர் போனது. அடிவாரத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு வைத்தியர் வீட்டில் அறைத்தோழியின் அப்பாவுக்குப் பழக்கம். முற்றத்தில் வில்வம், மாதுளை, துளசி, வேலியோரம் அறுகு. பட்டியலை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒவ்வொன்றாக விரல் வைத்து வாசித்தார்.

"மாதுளம்பூ, துளசி, வில்வம், அறுகு, தாழம்பூ, தாமரைப்பூ, சுக்கு, மிளகு, திப்பிலி, மஞ்சள். நல்ல கூட்டு மக்கா. எதுக்கு இது?"

வருடப் பிறப்புக்குத் தலையில் வைத்துக் குளிக்க என்றேன். பூவையும் இலையையும் முதலிலேயே போட்டு வேகவைக்கக் கூடாது, சுக்கும் மிளகும் திப்பிலியும் நசுக்கிப் போட்டுத் தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகு கடைசியாகப் போட்டு மூடிவிட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். தானே கத்தரித்து, ஈரத் துணியில் சுற்றிக் கொடுத்தார். காசை நீட்டியபோது கையை மறித்தார். "இது அங்க போக வேண்டிய மருந்துதானே. காசு என்னத்துக்கு?"

தலைக்கும் காலுக்கும் எந்த இலை வைப்பது என்பதைப் பஞ்சாங்கம் ஆண்டுக்காண்டு மாற்றிச் சொல்லும். அதை இரவு அம்மாவிடம் கேட்டுக்கொள்வதாக இருந்தேன்.

மாலை கன்னியாகுமரி. விடுமுறைக் கூட்டம் வழிந்தது. விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே போன டிசம்பர் 30-ல் திறந்த கண்ணாடிப் பாலம், 77 மீட்டர் நீளம், அதன் மேல் நடந்தோம். காலுக்கடியில் அலை வெள்ளையாகப் புரள்வது தெரிகிறது. குளச்சல் தோழி கடலில் பிறந்து வளர்ந்தவள், அவள்தான் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். 133 அடி வள்ளுவரை ஏற்கெனவே பலமுறை எழுதியாகிவிட்டது, இங்கே விடுகிறேன்.

கரைக்குத் திரும்பிச் சற்று நேரத்தில் கிழக்கே நிலா எழுந்தது. நாளைதான் முழு நிலவு. ஆனாலும் இன்றே வட்டமாக, பழுத்த நிறத்தில் கடலுக்கு மேல் வந்து நின்றது. அந்தத் திசையில்தான் எங்கள் நாடு. அம்மாவுக்கு வீடியோ அழைப்பில் காட்டினேன். அம்மா முற்றத்துக்கு வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "இஞ்சயும் வந்திட்டுது பிள்ளை" என்றார்.

ஏப்ரல் 13, ஞாயிறு. கோட்டாறு, ஈத்தாமொழி

இன்று குருத்தோலை ஞாயிறு. குளச்சல் தோழிக்காகக் காலையில் கோட்டாறு சவேரியார் பேராலயத்துக்கு எல்லோரும் போனோம். இந்த மாவட்டத்தில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் கிறிஸ்தவர்கள் என்பது இப்படி ஒரு நாளில் தெருவில் தெரிகிறது. குழந்தை முதல் கிழவர் வரை கையில் தென்னங்குருத்து, பாட்டு, மெல்ல நகர்கிற ஊர்வலம். பிரான்சிஸ் சவேரியார் 1540-களில் இந்தக் கரையோரம் முழுக்க நடந்தவர். மன்னாரில் கிறிஸ்தவம் பரவியதிலும் அவர் பேர் வரும். தோழி பூசை முடிந்து வந்ததும் ஓலையைக் கிழித்துச் சின்னச் சிலுவைகள் முடைந்து எங்கள் மூவருக்கும் தந்தாள். அவளுக்குத் தவக்காலம், மீன் இறைச்சி இல்லை. எங்கள் வருடப் பிறப்புச் சாப்பாடும் சைவம்தான் என்றதும், "அப்போ எனக்குன்னே வச்ச பெருநாளு" என்றாள்.

அண்ணா பேருந்து நிலையத்தில் ஈத்தாமொழி பஸ். நகரம் விட்ட கொஞ்ச நேரத்திலேயே இரு பக்கமும் தென்னை மட்டும்தான். ஈத்தாமொழி நெட்டைத் தென்னைக்குப் புவிசார் குறியீடு உண்டு. காயும் பெரிது, பருப்பும் தடிப்பு.

"வா மக்கா, வந்து இரி" என்று பாட்டி திண்ணையில் பாய் விரித்தார். இரண்டு தட்டில் மட்டிப்பழம் வந்தது. விரல் நீளம்தான் இருக்கும், தோலை உரித்ததும் வாசம் திண்ணை முழுக்க நின்றது. 2023-ல் இதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. பாட்டாவுக்கு என்னைப் பார்த்ததும் கேட்க ஒன்று இருந்தது. "சிலோன் ரேடியோ இப்பவும் உண்டா?" இளவயதில் இந்த ஊரில் எல்லோருக்கும் இலங்கை வானொலிதானாம். திருநெல்வேலி நிலையம் கரகரக்கும், கொழும்பு கண்ணாடி மாதிரி கேட்கும் என்றார். கே. எஸ். ராஜாவின் வேகத்தையும் பி. எச். அப்துல் ஹமீதின் உச்சரிப்பையும் பேசிக் காட்டினார். என் பேச்சைக் கேட்டால் அந்தப் பெட்டி திரும்பவும் ஓடுகிற மாதிரி இருக்கிறதாம். அப்புறம் இரவு வரை என்னிடம் ஏதாவது கேட்டுக்கொண்டே இருந்தார், நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

நான் அவரிடம் கேட்டது ஒன்றுதான்: போர்த் தேங்காய். வருடப் பிறப்பன்று எங்கள் ஊரில் ஆடுவது. ஒருவர் உரித்த தேங்காயைத் தரையில் வைப்பார், மற்றவர் தன் தேங்காயைக் கையில் பிடித்து அதன் மேல் ஓங்கி அடிப்பார். எது உடைகிறதோ அது தோற்றது. பிறகு முறை மாறும். இதற்கென்றே சிரட்டை தடித்த, நன்றாக முற்றிய காய்களைத் தேடிப் பொறுக்குவார்கள். இது கேட்டதுதான் தாமதம், பாட்டா தோப்புக்குள் இறங்கிவிட்டார். குவியலில் ஒவ்வொரு காயாக எடுத்துக் காதோரம் ஆட்டுவார், நகத்தால் சுண்டுவார், சத்தம் சரியில்லை என்றால் தூர எறிவார். பெரிய காய்களை எல்லாம் தள்ளிவிட்டு, சின்னதும் கனத்ததுமான காய்கள் சிலவற்றை ஒதுக்கி, பாரையில் குத்தி உரித்து, நாரைச் சீவி, ஒன்றை என் கையில் வைத்தார். "இது ஒடையாது. ஒடஞ்சா எனக்க பேரை மாத்து."

அடுக்களையில் எனக்கு ஒரு ஆச்சரியம் காத்திருந்தது. பயத்தம் பணியாரம் சுடலாம் என்று நான் சொல்ல, எப்படி என்று பாட்டி கேட்டார். பயறு வறுத்துத் திரித்து, வறுத்த தேங்காய்ப்பூவும் மிளகு சீரகப் பொடியும் ஏலமும் சேர்த்து, பாகில் உருட்டி, அரிசிமா கரைசலில் தோய்த்துப் பொரிப்பது என்றேன். பாட்டி எழுந்து போய் ஒரு தூக்குவாளியைத் திறந்து காட்டினார். உள்ளே அதுவேதான் இருந்தது! முந்திரிக்கொத்து. குமரியில் கல்யாணம், பண்டிகை எதுவும் இது இல்லாமல் நடக்காது. வித்தியாசம், இவர்கள் எள்ளும் சுக்கும் போடுகிறார்கள், மிளகு கிடையாது. உருண்டைகளை மூன்று மூன்றாகச் சேர்த்துக் கொத்தாக எண்ணெயில் விடுகிறார்கள்.

பாதி மாவை அவர் முறையிலும் பாதி மாவை அம்மா முறையிலும் பிசைந்தோம். கருப்பட்டிப் பாகு சூட்டோடு மாவில் விழ வேண்டும், ஆறிவிட்டால் உருண்டை பிடிக்க வராது. பாட்டியின் உள்ளங்கையை அந்தச் சூடு ஒன்றும் செய்யவில்லை. ஒரு அழுத்து, ஒரு சுற்று, உருண்டை தட்டில் உட்கார்ந்திருக்கும். எனக்கு ஒவ்வொன்றுக்கும் கையை ஊத வேண்டியிருந்தது. மூன்று உருண்டையை விரல் நுனிகளில் அடக்கி, மாவில் முக்கி, சட்டியின் ஓரத்தில் மெல்ல வழுக்கிவிடுகிற வித்தையைத் தக்கலைத் தோழிதான் முதலில் பிடித்தாள். மிளகு போட்டதைப் பாட்டி ஆறவைத்து ஒன்று வாயில் போட்டார். கண்ணை மூடி மென்றார். "எரிப்பு கொஞ்சம் பொறவுதான் வருது. நல்லாருக்கு. அடுத்த மட்டம் நானும் போடுதேன்."

இரவு பின்முற்றத்தில் கல் அடுப்பு மூட்டி மருத்துநீர் காய்ச்சினோம், வைத்தியர் சொன்ன வரிசையில். தாமரைப்பூ பக்கத்துக் குளத்தில் கிடைத்தது, தாழம்பூ மட்டும் கிடைக்கவில்லை. மூடியைத் திறந்தபோது வந்த ஆவியில் எங்கள் ஊர்க் கோயில் வீதி முழுக்க இருந்தது.

எல்லோரும் படுத்த பிறகு பாட்டி தனியாகக் கணி வைத்தார். நான் கதவோரம் நின்று பார்த்தேன். உருளியில் நெல், அதன்மேல் மஞ்சள் வெள்ளரிக்காய், செங்கவருக்கை மாம்பழம், ஒரு குலை மட்டி, பாதித் தேங்காய், இங்கே சக்கை என்கிற பலா, பின்னால் கண்ணாடி, வெற்றிலையில் நகையும் காசும், எல்லாவற்றுக்கும் மேல் கொன்றைப்பூச் சரம். ஒவ்வொன்றையும் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து பார்த்து, திரும்ப வந்து சற்றுத் திருப்பி வைத்தார்.

ஏப்ரல் 14, திங்கள். ஈத்தாமொழி

விடிவதற்கு முன்பே கிணற்றடிக்குப் போனேன். அம்மா சொன்ன இலைகளைத் தலையிலும் காலடியிலும் வைத்து, மருத்துநீரைத் தேய்த்து, வாளித் தண்ணீரை ஊற்றினேன். அறைத்தோழியின் அம்மா ஒரு வாளி இறைத்து ஊற்றினார். தோழிகளும் வரிசையில் வந்து நின்றார்கள். "இது என்ன கஷாயக் குளியலு" என்று தொடங்கிய குளச்சல்காரி, தலை துவட்டியபின் தன் முடியை முகர்ந்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு பாட்டி ஒவ்வொருவரையும் கண்ணை மூடச் சொல்லி, தோளைப் பிடித்து நடத்திக்கொண்டுபோய் நிறுத்தினார். திறந்தபோது விளக்கொளியில் மஞ்சள் மட்டும்தான் முதலில் தெரிந்தது. அப்புறம் கண்ணாடியில் என் முகம், ஈரத் தலையோடு. பாட்டா எல்லோருக்கும் கைநீட்டம் தந்தார், எனக்குத் தரும்போது கொஞ்ச நேரம் கையை விடவில்லை.

கிழக்கு வெளுக்கும்போது முற்றத்தில் கோலம் போட்டு, பானை வைத்து, கருப்பட்டி போட்டுப் பொங்கினோம். எங்களூரில் பனங்கட்டியோ சர்க்கரையோ போடுவோம், இதுவும் பனைதான், நிறம் மட்டும் இன்னும் கறுப்பு. பால் பொங்கிக் கிழக்கே வழிந்தது. அறைத்தோழியின் தம்பி ஒரு பட்டாசைக் கொளுத்திப் போட்டான். வீடியோவில் அம்மாவும் அப்பாவும் தம்பியும் ஒரே சட்டத்துக்குள் நெருங்கி நின்று பார்த்தார்கள். பாட்டியும் அம்மாவும் கதைத்தது கால் மணி நேரம், எனக்கு ஃபோன் திரும்பக் கிடைக்கவில்லை.

ஒன்பது மணிக்கு மேல் படலையில் சத்தம். அன்ரி. இஸ்திரி போட்ட சேலை, கையில் ஒரு துணிப்பை, பக்கத்தில் பேரன். பையன் வாய் திறந்தால் அச்சு அசல் குமரிப் பேச்சு. அவனுக்கு மன்னார் என்பது பாட்டி சொல்கிற ஊர். இங்கே பிறந்து, இங்கே பள்ளிக்கூடம் போய், இந்த நாட்டுக் குடியுரிமை இல்லாமல் வளர்கிற பிள்ளை. இதைப் பற்றிப் பேசப் போனால் இன்றைய குறிப்பு முடியாது, ஆனால் எழுதாமல் தாண்டிப் போகவும் எனக்கு மனம் வரவில்லை. அவனுடைய அம்மா பிறந்தது அங்கே, வளர்ந்தது முகாமில்.

அன்ரி முதலில் பின்முற்றத்துக்குப் போய் மிச்சமிருந்த மருத்துநீரைப் பார்த்தார். கொஞ்சம் உள்ளங்கையில் ஊற்றித் தன் தலையிலும் பேரன் தலையிலும் தடவினார். அவர் கத்தோலிக்கர், நேற்று வாங்கிய குருத்தோலை பைக்குள் இருந்தது. "எங்கட ஊரில வருசப் பிறப்பு எல்லாருக்கும்தான் பிள்ளை. காலமை கோயில் பூசை, வந்து அப்புவிட்டக் கைவிசேஷம்" என்றார்.

பிறகு துணிப்பையைத் திறந்தார். வெற்றிலை, ஒரு சின்னச் சுருளில் நெல், முகாமில் பூத்த நித்தியகல்யாணிப் பூக்கள், புதுப் பத்து ரூபாய்த் தாள்கள். பாயில் கிழக்குப் பார்த்து உட்கார்ந்து, ஒவ்வொரு வெற்றிலையாகத் துடைத்து, நெல்லும் பூவும் காசும் வைத்து மடித்தார். அவர் விரல்கள் அதை மறக்கவே இல்லை. என்னைக் கூப்பிட்டார். நான் குனிந்து காலைத் தொட்டேன். "நல்லா இருக்கோணும். படிப்பை முடிச்சிட்டு வீட்டுக்குப் போய்ச் சேரோணும்" என்றார். தோழிகள் மூவரும், அறைத்தோழியின் தம்பியும் வாங்கினார்கள். கடைசியில் பாட்டி, பாட்டா இருவரையும் இருக்கச் சொல்லி, அவர்களிடம் தான் வாங்கிக்கொண்டார். இந்த வரிசையில் வாங்குகிற இடத்தில் அவர் நின்று எத்தனை வருடமோ. பாட்டி அவரை எழுப்பி அணைத்துக்கொண்டார், இருவரும் அழுதார்கள். நாங்களும்தான்.

நான் அதோடு முடிந்தது என்று எழுந்தேன். அன்ரி கையைப் பிடித்து இருத்தினார். ஒரு வெற்றிலையை எடுத்து என்னிடம் தந்தார். "நீயும் குடு. உனக்குக் கீழயும் பிள்ளையள் நிக்குதுகள்."

நான் இதுவரை ஒருவருக்கும் கொடுத்ததில்லை. எங்கள் வீட்டில் எனக்கு மேல் அவ்வளவு பேர். நெல்லை வைத்தேன், பூவை வைத்தேன், பணப்பையிலிருந்து காசை எடுத்து வைத்தேன். அந்தப் பத்து வயதுப் பையன் முன்னால் வந்து நின்று, நான் தடுப்பதற்குள் காலைத் தொட்டுவிட்டான். என்ன சொல்வது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. என் அப்பப்பா, அப்பாவின் அப்பா, ஒவ்வொரு வருடமும் எனக்குச் சொல்கிற அதே வாக்கியம் வாயில் வந்தது: "பெரிய ஆளா வா ராசா." அடுத்து அறைத்தோழியின் தம்பி. அவனும் பெரிய ஆளாக வருவான்.

போர்த் தேங்காய்க்குத் தெருப் பிள்ளைகள் எல்லாம் கூடிவிட்டார்கள். மணலைக் குவித்து நடுவில் குழி செய்து காயை நிறுத்தினோம். எனக்கு எதிரே தக்கலைத் தோழி. அடிப்பது கையின் பலத்தில் இல்லை, எதிர்க் காயின் எந்த இடத்தில் நம் காயின் எந்த இடம் விழுகிறது என்பதில் இருக்கிறது. மூக்குப் பக்கம் பலம், வயிற்றுப் பக்கம் மெலிவு. முதல் அடியில் இரண்டும் உடையவில்லை, "டங்" என்று ஒரு சத்தம்தான். அவள் அடித்தாள், என் காய் தாங்கியது. நான் அடித்தேன், அவள் காயில் கோடு ஓடி, மணலில் தண்ணீர் கசிந்தது. பாட்டா திண்ணையில் இருந்து எழுந்தே விட்டார். பிறகு அன்ரியின் பேரன் வந்தான். வயிறு பார்த்துச் சரியாக ஒரே அடி. பாட்டா உடையாது என்று தந்த காய் இரண்டாகப் பிளந்தது. பாட்டா பையனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். அன்ரி சத்தமாகச் சிரித்தார், "எங்கட ஆக்கள் விளையாடினா இப்பிடித்தான்" என்றார்.

உடைந்த தேங்காய்கள் எல்லாம் அவியலுக்கும் எரிசேரிக்கும் போயின. இலையில் மாங்காய்ப் பச்சடி, பருப்பு, பப்படம், சக்கப் பிரதமன். நான் வைத்த கத்தரிக்காய்ப் பால்கறியை எல்லோரும் இரண்டாம் முறை கேட்டார்கள், இதை அம்மாவுக்குத் தனியாக எழுத வேண்டும். மாலை பஸ்ஸுக்கு அன்ரி கிளம்பும்போது பாட்டி ஒரு வாளி நிறைய முந்திரிக்கொத்தும், அதன்மேல் பயத்தம் பணியாரமும் வைத்துக் கொடுத்தார். வாளியைத் திருப்பிக் கொண்டுவரும் சாக்கில் இன்னொரு நாள் வரவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

ஏப்ரல் 15, செவ்வாய். நாகர்கோவில்

காலை பஸ்ஸில் விடுதி திரும்பினோம். பத்து மணிக்கு ஆய்வகம். தலையில் இன்னும் திப்பிலி வாசம் இருக்கிறது என்று பக்கத்து மேசைக்காரி சொன்னாள், அவளுக்கும் கதை சொல்லியாயிற்று, பலகாரமும் கொடுத்தாயிற்று. மிளகு போட்டதுதான் முதலில் தீர்ந்தது.

மதியம் அம்மா கூப்பிட்டார். ஆரிட்ட வாங்கினாய் என்று கேட்டார். பாட்டாவிடம், அன்ரியிடம் என்றேன். நானும் கொடுத்தேன் என்றேன். எவ்வளவு கொடுத்தாய் என்றார். ஆளுக்கு இருபது ரூபாய். "காணும், அது போதும்" என்றார் அம்மா. அப்புறம் அன்ரியின் சொந்தக்காரர் யாராவது இன்னும் மன்னாரில் இருக்கிறார்களா என்று கேட்டார். ஒரு தங்கச்சி இருக்கிறார், பல வருடமாகத் தொடர்பில்லை என்று அன்ரி சொன்னதைச் சொன்னேன். அப்பாவின் கூட்டாளி ஒருவர் அங்கே ஆசிரியராக இருக்கிறார், அவரிடம் விசாரிக்கச் சொல்கிறேன் என்றார் அம்மா. தங்கச்சியின் பேரையும் ஊரையும் அன்ரியிடம் சரியாகக் கேட்டு எழுதி வாங்க வேண்டும். வாளிக்காக அவர் வரும்வரை காத்திருக்கப் போவதில்லை, வியாழன் வகுப்பு முடிந்ததும் நானே போகிறேன்.

ஞாயிறு ஈஸ்டர். சனி இரவுப் பூசைக்கே வந்துவிட வேண்டும் என்று குளச்சல் தோழியின் அம்மா ஃபோனில் சொல்லிவிட்டார். தவக்காலம் முடிந்து ஞாயிறு காலை மீன்குழம்பு என்று தோழி இன்றிலிருந்தே நாள் எண்ணுகிறாள். தக்கலைத் தோழியும் வருகிறாள். சனி மதியம் பஸ் ஏறுகிறோம், அடுத்த குறிப்பு குளச்சலிலிருந்து.